புதுப்பிப்பு: கூத் முற்றுகையில் நோயால் இறந்த சிற்றூர்ச் சிப்பாய்கள்

முதல் உலகப் போரில் மெசபடோமியாவின் (இன்றைய ஈராக்கின்) கூத் நகரில் பிரிட்டிஷ் இந்தியப் படையைத் துருக்கியப் படை முற்றுகையிட்டபோது, குண்டடி படாமலே நோயால் இறந்த இந்தியச் சிப்பாய்களைப் பற்றிய என் முந்தைய பதிவைப் படித்த சிலர், அதே முற்றுகையில் சிக்கிய ஆங்கிலேயருக்கு ஏன் வேறு நோய் வந்தது என்று கேட்டிருந்தனர்.

காரணம் உணவுதான். 1915 டிசம்பர் 7 முதல் 1916 ஏப்ரல் 29 வரை நீடித்த அந்த முற்றுகையில், வெள்ளை மாவு ரொட்டியும் குதிரை இறைச்சியும் உண்ட ஆங்கிலேயரை, வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் தாக்கியது; அந்தச் சத்துள்ள தவிடு நீங்காத ஆட்டா மாவை உண்ட இந்தியர் அதற்குத் தப்பினாலும், காய்கறியும் இறைச்சியும் இன்றி வைட்டமின் சி குறைந்து, ஈறு வீங்கி, பழைய புண்களும் ஆறாமல் ஸ்கர்வியால் மெலிந்தனர். குதிரை இறைச்சியை உண்ணலாம் என்று இந்தியாவிலிருந்து சமயத் தலைவர்களின் இசைவு வந்த பிறகும், ஊர் திரும்பினால் தமக்கு யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று அஞ்சிப் பலர் நெடுநாள் மறுத்தனர். இதை வெறும் மூடப் பிடிவாதம் என்று சில ஆங்கிலேய அதிகாரிகள் கருதியது எனக்கு நியாயமாகப் படவில்லை. உழவர் குடும்பத்து இளைஞனுக்கு ஊரார் பேச்சு பட்டினியைவிடச் சிறியதன்று. ஏப்ரல் மாதத்தில் பலர் உண்ணத் தொடங்கியபோது, உடல் தேறுவதற்குக் காலம் போதவில்லை.

பெயர் தேடுவோருக்கு ஒரு தகவல்: மெசபடோமியாவில் இறந்த வீரர்களுக்காக ஈராக்கில் எழுப்பப்பட்ட பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் சாதாரண இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் பொறிக்கப்படவில்லை, படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கை மட்டுமே உள்ளது.