எஸ்ஏபி ரீபிரெஷை ஸ்கிரிப்டிடம் விடலாமா?

நைட்ஷிப்ட்:
எஸ்ஏபி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளைப் பராமரிக்கும் எங்கள் பேசிஸ் டீமில் ஐந்து பேர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நிஜ வேலை ஓடும் புரொடக்‌ஷனை அப்படியே சோதனைக்கான குவாலிட்டி சிஸ்டத்துக்கு நகலெடுக்கிறோம், அதுதான் ரீபிரெஷ். ஒவ்வொரு முறையும் ஒரு சனி, ஞாயிறு போய்விடுகிறது. இப்போது மேனேஜர் நான்கு வேலைகளை ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளைத் தானாக ஓட்டும் சிறு நிரல், எழுதி ஆட்டோமேட் செய்யச் சொல்கிறார்: ரீபிரெஷ், யூசர் ஐடி கொடுப்பது, சர்வர் அசல்தான் என்று காட்டும் சர்டிபிகேட்டைப் புதுப்பிப்பது, சர்வர் தொங்கினால் ரீஸ்டார்ட் செய்வது. எனக்குச் சம்மதம்தான். டீமில் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பழைய அட்மின்:
நானும் வேண்டாம் கட்சிதான். 2012 ஆகஸ்ட் 1-ஐப் படித்துவிட்டு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம். காலையில் சந்தை திறந்ததும் அவர்களுடைய மென்பொருள் தானாக ஆர்டர்களை அள்ளி வீச ஆரம்பித்தது. 45 நிமிடம்தான். 46 கோடி டாலருக்கு மேல் போயிற்று. மனிதன் கையால் ஆர்டர் போட்டிருந்தால் 45 நிமிடத்தில் இவ்வளவு நஷ்டம் செய்யவே முடியாது. தப்பு எல்லோரும் செய்வோம். இயந்திரம் அதை ஓடிக்கொண்டே செய்யும்.

ஸ்கிரிப்ட் சாமி:
சார், அதே கதையில் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிட்டீர்கள். அந்தப் புது மென்பொருளை எட்டு சர்வரில் ஏற்ற வேண்டும். ஏற்றியது ஸ்கிரிப்ட் இல்லை, ஒரு ஊழியர், கையால். ஏழில் ஏற்றினார், ஒன்று விட்டுப்போனது. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற வழக்கமும் அங்கே இல்லை. விட்டுப்போன சர்வரில் 2003-லேயே பயன்பாட்டிலிருந்து எடுத்த பழைய நிரல் தூங்கிக்கொண்டிருந்தது. அதை இயக்கும் பழைய குறியீட்டையே புது வேலைக்குத் திரும்பப் பயன்படுத்தியதால் அது விழித்துக்கொண்டது. எட்டு சர்வரும் ஒரே பதிப்பில் இருக்கின்றனவா என்று பார்க்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நீங்கள் காட்டுவது என் பக்கத்துச் சாட்சி!

பழைய அட்மின்:
சரி, ஏற்றியது கையால்தான், ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள் தம்பி. பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு சர்வரிலிருந்தும் புது நிரலை எடுத்துவிட்டார்கள். நிலைமை இன்னும் மோசமானது. ஓடுகிற இயந்திரத்தை எப்படி நிறுத்துவது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. என் பயம் அதுதான். ரீபிரெஷை ஆறு வருடம் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொண்டால், ஏழாவது வருடம் அது நடுவில் நிற்கும்போது உங்கள் டீமில் யாருக்கு அந்த வேலை தெரியும்?

தணிக்கைக்காரி:
இடையில் வருகிறேன். நைட் கேப்பிட்டல் மீதான வழக்கின் ஆவணத்தில் என்னை உலுக்கியது வேறு. அன்று சந்தை திறக்கும் முன்பே அவர்கள் சிஸ்டம் 97 மெயில் அனுப்பியிருக்கிறது, ஏதோ தவறு என்று. யாரும் கவனிக்கவில்லை. உங்கள் இன்பாக்ஸில் இப்போது எத்தனை எச்சரிக்கை மெயில் படிக்காமல் கிடக்கிறது, நைட்ஷிப்ட்?

நைட்ஷிப்ட்:
அதைக் கேட்காதீர்கள்.

ரீபிரெஷுக்கே வருகிறேன். போன வருடம் என் பழைய அலுவலகத்தில் நடந்தது. நகலெடுத்து முடித்ததும் செய்ய வேண்டிய வேலைகள் 64 வரி, ஒரு எக்செலில். லைசென்ஸ் போடுவது, சிஸ்டத்தின் அடையாளமான லாஜிக்கல் சிஸ்டம் பெயரை மாற்றுவது, மற்ற சிஸ்டங்களோடு பேசும் ஆர்எஃப்சி இணைப்புகளைத் திருப்புவது, நேரம் வந்ததும் தானாக ஓடும் ஜாப்களை நிறுத்தி வைப்பது, வெளியே போகும் மெயிலை அடைப்பது. ராத்திரி இரண்டு மணிக்கு நண்பர் ஒருவர் ஒரு வரியைத் தாண்டிவிட்டார். அடைக்காத மெயில், நிறுத்தாத ஜாப். காலையில் டெஸ்ட் சிஸ்டம் உண்மையான வாடிக்கையாளர்களுக்கு 'பாக்கியைக் கட்டுங்கள்' என்று கடிதம் அனுப்பியிருந்தது. ஏற்கெனவே கட்டியவர்களுக்கும்.

ஸ்கிரிப்ட் சாமி:
இதற்கு மேல் என்ன வேண்டும்? 64 வரியை ராத்திரி இரண்டு மணிக்கு மனிதன் வரிசை தப்பாமல் செய்வான் என்று நம்புவதுதான் மூடநம்பிக்கை.

பழைய அட்மின்:
என் செக்லிஸ்டும் எக்செல்தான், 71 வரி. பதினோரு வருடமாக ஒரு கடிதம்கூடப் போனதில்லை. இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் செய்வோம். ஆள் குறைத்துவிட்டு எக்செலைத் திட்டக் கூடாது.

ரீஸ்டார்ட்டை மட்டும் கண்டிப்பாகத் தொடாதீர்கள். ஒரு இடத்தில் மெமரி நிரம்பியதும் தானே ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்திருந்தார்கள். எட்டு மாதம் ஓடியது. தலைவலிக்குத் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு டாக்டரிடமே போகாத கதை. ஒரு ரிப்போர்ட்தான் மெமரியைத் தின்கிறது என்று கண்டுபிடித்தபோது ஒரு நாளைக்கு நாலு முறை ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது.

ஸ்கிரிப்ட் சாமி:
ரீஸ்டார்ட்டில் உங்களோடு சண்டை இல்லை. வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆனால் நின்று ஆளைக் கூப்பிடு என்று ஒரு எல்லை வைக்க வேண்டும்.

ஆனால் சர்டிபிகேட்டில் உங்களுக்கு வழியே இல்லை சார். பொது இணையதளங்களுக்கான சர்டிபிகேட் முன்பு 398 நாள் வரை செல்லும். 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் முதல் 100, 2029 மார்ச் முதல் 47. உலாவி நிறுவனங்களும் சர்டிபிகேட் கொடுப்பவர்களும் சேர்ந்து 2025-லேயே ஓட்டுப் போட்டு முடித்தது. நாற்பது சர்வர் இருந்தால் 47 நாளுக்கு ஒருமுறை நாற்பதையும் கையால் மாற்றுவீர்களா? மைக்ரோசாப்ட் டீம்ஸே 2020 பிப்ரவரியில் ஒரு சர்டிபிகேட் காலாவதியாகிப் படுத்தது.

பழைய அட்மின்:
சர்டிபிகேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தந்துவிட்டேன்.

தணிக்கைக்காரி:
யூசர் ஐடி பற்றி யாரும் பேசவில்லையே. வேலையை விட்டுப் போனவரின் ஐடி மாதக்கணக்கில் உயிரோடு இருப்பது நான் எழுதும் அறிக்கைகளில் அடிக்கடி வரும் வரி. எச்ஆர் சிஸ்டத்தில் கடைசி நாள் பதிந்ததும் தானாகப் பூட்டட்டும், நல்லது. ஆனால் அதைப் பூட்டுகிற ஸ்கிரிப்டின் ஐடிக்கு நீங்கள் என்ன உரிமை கொடுப்பீர்கள்? சாப்-ஆல், அதாவது சிஸ்டத்தில் எதையும் செய்யும் முழு உரிமை. எனக்குத் தெரியும், எல்லோரும் அதைத்தான் கொடுக்கிறீர்கள். பாஸ்வேர்ட் ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதியிருக்கும். ஐந்து பேருக்கும் தெரியும். அப்புறம் யார் என்ன செய்தார் என்று நான் யாரைக் கேட்பது?

ஸ்கிரிப்ட் சாமி:
இது வலிக்கிறது. உண்மை.

உரிமையைக் குறைப்பதோடு இன்னொன்றும் சேர்ப்பேன். 2017 பிப்ரவரியில் அமேசானின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவை நின்றது. எழுதி வைத்த முறைப்படி ஓட்டிய கட்டளையில் ஒருவர் ஒரு மதிப்பைத் தவறாகக் கொடுத்தார். நினைத்ததைவிட நிறைய சர்வர்கள் கழன்றுவிட்டன. அதற்குப் பிறகு அவர்கள் கருவியைத் தூக்கி எறியவில்லை. மெதுவாகத்தான் கழற்றும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவிடாது என்று கருவியைத் திருத்தினார்கள்.

நைட்ஷிப்ட்:
சரி, முடிவு. ரீஸ்டார்ட் இப்போதைக்கு இல்லை. சர்டிபிகேட்டும் ஐடி பூட்டுவதும் முதலில், தனித்தனி ஐடியில், சாப்-ஆல் இல்லாமல். ரீபிரெஷில் மெயிலை அடைப்பதும் ஜாப்களை நிறுத்துவதும் ஸ்கிரிப்ட். அவை உண்மையில் நடந்தனவா என்று பார்ப்பது வேறொரு ஸ்கிரிப்ட். அது சரி என்று சொல்லாமல் அடுத்த படி ஓடாது. வருடத்தில் ஒரு ரீபிரெஷ் முழுக்கக் கையால், புதுப் பையன்கள் செய்வார்கள்.

பழைய அட்மின்:
சரிபார்க்கும் ஸ்கிரிப்டை நீங்கள் எழுதாதீர்கள். முதல் ஸ்கிரிப்டை எழுதியவருக்கு அதே ஓட்டை இரண்டாவது முறையும் தெரியாது.

நைட்ஷிப்ட்:
அப்படியானால் உங்கள் 71 வரியை அனுப்புங்கள் சார். என்னிடம் இருப்பது அந்தப் பழைய அலுவலகத்து 64 வரிதான். அந்த ஏழு என்ன என்று பார்க்க வேண்டும்.

பழைய அட்மின்:
அனுப்புகிறேன். எக்செலாகத்தான் வரும்.