புதுப்பிப்பு: சோயா மெழுகா, பாரஃபினா? முடிவெடுத்துவிட்டேன்

மெழுகுவர்த்தி செய்ய சோயா எண்ணெயிலிருந்து வரும் சோயா மெழுகு நல்லதா, பாரஃபின் நல்லதா என்று முன்பு கேட்டிருந்தேன். "பாரஃபின் பெட்ரோலியத்திலிருந்து வருவது, கரி கக்கும், தொடாதீர்கள்" என்று பலர் எச்சரித்தீர்கள். இரண்டையும் ஊற்றி எரித்துப் பார்த்தாயிற்று.

கரி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சோயாவும் கரி கக்கியது! திரி நீண்டு, நுனியில் காளான் போலக் கரி திரண்டதும் சுடர் ஆட ஆரம்பித்தது. கண்ணாடிக் குவளையின் விளிம்பு கறுத்துப்போனது. திரியை 6 மில்லிமீட்டருக்குக் கத்தரித்ததும் இரண்டுமே சுத்தமாக எரிந்தன. மெழுகு முழுதாக எரியாதபோதுதான் கரி வருகிறது. அதனால் மெழுகைப் பற்றிச் சண்டை போடுவதற்கு முன்னால் திரியின் தடிமனையும் நீளத்தையும் பாருங்கள்.

அச்சில் வார்த்துத் தனியாக நிற்கவைக்கும் வர்த்திக்குப் பாரஃபின்தான். ஆறும்போது சுருங்குவதால் அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வருகிறது. ஆனால் திரியைச் சுற்றிக் குழி விழும், மறுபடி ஊற்றி நிரப்ப வேண்டும். குவளையில் ஊற்றுவதற்கு எனக்குச் சோயாதான் பிடித்திருக்கிறது. சிந்தினாலும் வெந்நீரும் சோப்பும் போதும். மேலே வெள்ளையாகப் பூத்தால் பயப்படாதீர்கள், அது வெறும் படிகம்.

தேன்மெழுகு கேட்டவர்களுக்கு: 62 முதல் 64 டிகிரி செல்சியஸில்தான் உருகும், நிதானமாக எரியும், விலைதான் அதிகம். அப்புறம், பாமாயில் மெழுகு. அதுவும் இயற்கையானதுதான், ஆனால் காட்டை அழித்து நட்ட செம்பனையிலிருந்து வரவில்லை என்று உறுதியாகத் தெரியாமல் நான் வாங்கமாட்டேன்.