ஃபை டிரைவரைத் தனியே பிரிக்கணுமா, கண்ட்ரோலர் டிரைவருக்குள்ளேயே விடலாமா?

கொழிஞ்சாம்பாறை_மேடு:
பால் சங்கங்களுக்கு எடையும் கொழுப்பும் பதியும் பெட்டி செய்கிறோம், எங்கள் ஊரிலும் கோபாலபுரம் தாண்டி பொள்ளாச்சிப் பக்கமும் ஓடுகிறது. பழைய போர்டில் யூஎஸ்பி கண்ட்ரோலர் டிரைவருக்குள்ளேயே ஃபையின் (PHY, கம்பியில் சிக்னலை அனுப்பி வாங்கும் சுற்று) ரெஜிஸ்டர்களை எழுதிவிட்டோம். புதிய போர்டில் அதே ஃபையின் பக்கத்து லேனை (சிக்னல் பாதையை) டிஸ்க்குக்கான சாட்டாவுக்கு எடுத்தபோது அதே வரிகளை அங்கேயும் ஒட்டினோம். இப்போது யூஎஸ்பி சும்மா இருந்து தூங்கப் போனால் டிஸ்க்கும் சேர்ந்து காணாமல் போகிறது, காலைப் பால் கணக்கு பாதியில் நிற்கிறது. ஃபை டிரைவரைத் தனியே வைக்கும் லினக்ஸின் பொது ஃபை கட்டமைப்புக்கு மாற்றியே ஆகணும் என்கிறேன்.

செங்கோட்டை_சாரல்:
தம்பி, ஒரே போர்டுக்கு இவ்வளவு வேலை எதற்கு? கர்னல் ஆவணத்திலேயே, ஃபை கண்ட்ரோலருக்கு வெளியே இருந்தால்தான் இந்தக் கட்டமைப்பு பயன்படும் என்று எழுதியிருக்கிறது. கிளாக் பொதுவாக இருந்தால் கிளாக் கட்டமைப்பே எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளும், நீங்கள் ரெஜிஸ்டரை நேராகத் தொட்டதுதான் தப்பு. பிரித்துவிட்டால் ஒரு பிழையைத் தேட மூன்று ஃபைல் தாவணும்.

கொழிஞ்சாம்பாறை_மேடு:
அண்ணா, வெளியே என்றால் சிப்புக்கு வெளியே என்று அர்த்தமில்லை. எங்கள் ஃபைக்குத் தனி ரெஜிஸ்டர் இடம், தனி ரீசெட், அதனால் கண்ட்ரோலருக்கு அது வெளி ஆள்தான். இரண்டு லேனுக்கும் பொதுவான பிஎல்எல் (வேகமான கிளாக்கை உருவாக்கும் சுற்று) அந்த ஃபைக்குள்ளேயே இருக்கிறது, கிளாக் கட்டமைப்புக்கு அது தெரியவே தெரியாது. ஒரே புரொவைடர் டிரைவர் (மற்ற டிரைவர்களுக்கு ஃபையைக் கொடுப்பது) இரண்டு லேனையும் பார்த்தால், கடைசி ஆள் விட்ட பிறகுதான் பிஎல்எல்லை அணைக்கணும் என்ற கணக்கை அங்கேயே வைக்கலாம். ராக்சிப்பின் ஆர்கே3568 சிப்பைப் பாருங்கள், ஒரே காம்போ ஃபை ஒரு போர்டில் யூஎஸ்பி 3, இன்னொன்றில் சாட்டா. எது வேண்டும் என்று டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்ன இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் ஃபைலில்) ஒரு எண் கொடுத்தால் போதும்.

ஆரம்பாக்கம்_வடக்கு:
ஒன்று சொல்லிவிடுகிறேன், ஈதர்நெட் ஃபையை இதில் இழுத்துவிடாதீர்கள். எம்டிஐஓ என்ற கட்டுப்பாட்டு பஸ்ஸில் இருக்கும் அந்த ஃபைக்கு கர்னலில் ஃபைலிப் (phylib) என்று தனி வீடு இருக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் நானே ஒரு வாரம் தப்பான ஃபோல்டரில் தேடியிருக்கிறேன். மற்றபடி நான் பிரிக்கும் பக்கம்தான். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் இருந்த கிஷோன் விஜய் ஆபிரகாம் எழுதி, 3.13 கர்னலில், 2014 ஜனவரியில் வந்தது இந்தப் பொது ஃபை கட்டமைப்பு. கர்னல் முழுக்கச் சிதறிக் கிடந்த ஃபை டிரைவர்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவரத்தான் செய்தார்கள்.

செங்கோட்டை_சாரல்:
சரி, பிஎல்எல் உள்ளே இருக்கிறது என்றால் உங்கள் போர்டுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அழைப்புகளின் வரிசையில் எனக்கு இன்னும் பயம் இருக்கிறது. ஃபை_இனிட் முதலில், ஃபை_பவர்_ஆன் அப்புறம் என்பது விதி. உங்கள் சிப்பில் கண்ட்ரோலர் ரீசெட்டை நடுவில் எடுக்கணும் (விடுவிக்கணும்) என்றால்?

கொழிஞ்சாம்பாறை_மேடு:
அப்படித்தான் எடுக்கணும் அண்ணா. இனிட்டில் பிஎல்எல் பூட்டும்வரை (நிலைக்கும்வரை) காத்திருப்போம், பிறகு கண்ட்ரோலர் டிரைவர் தன் ரீசெட்டை எடுக்கட்டும், கடைசியில் பவர் ஆன். இரண்டும் தனித்தனி அழைப்பாக இருப்பதால்தான் நடுவில் இடம் கிடைக்கிறது.

செங்கோட்டை_சாரல்:
அப்போ முதல் பேட்ச்சில் வரிகளை இடம் மட்டும் மாற்றுங்கள், பிஎல்எல் கணக்கு இரண்டாவதில் வரட்டும். யூஎஸ்பியைத் தூங்கவிட்டு டிஸ்க் நிற்கிறதா என்று ஒரு ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்த்த லாக்கையும் போடுங்கள், உட்கார்ந்து படிக்கிறேன்.