யூக்கா குருத்து கையோடு வந்துவிட்டது, அவசர உதவி வேண்டும்

கொல்லைப்பூ:
போன வருஷம் வைத்த யூக்கா (வாள் மாதிரி இலை இருக்குமே, அந்த அழகுச்செடி). அடி இலை எல்லாம் மஞ்சளாகித் தொளதொளன்னு ஆயிடுச்சு. காலையில் நடுக்குருத்தை லேசா இழுத்தேன், கையோட வந்துடுச்சு. வறட்சி தாங்கும்னுதானே நர்சரியில் சொன்னாங்க! என்ன மருந்து அடிக்கணும்? ஆபீஸ் கிளம்பணும், சீக்கிரம் சொல்லுங்க.

டாலஸ்வாசி:
எந்த ஊர்? எந்த யூக்கா? தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதரம்?

மாடித்தோட்டம்77:
இலையில் வெளிர்புள்ளி இருக்கா? செந்தலையும் கருநீல உடம்புமா குட்டிப் பூச்சி தெரியுதா? அதேதான் எனக்கும் வந்தது. சாயங்காலமா வேப்பெண்ணெய் அடிங்க.

வேர்ப்பிடிப்பு:
சாறு உறிஞ்சும் பூச்சி குருத்தைக் கழட்டாது. தென்னை வெச்சவங்களுக்கு இது பாலபாடம்: குருத்து கழன்றால் ஒன்று அழுகல், இல்லை கூன்வண்டு. செடி பேர், மண், தண்ணி மூணும் இல்லாம கேள்வி போடாதீங்கன்னு எத்தனை தடவை எழுதுறது? பழைய இழைகளைப் படிச்சிட்டு வாங்க.

சமையல்கட்டு:
யூக்கான்னா மரவள்ளிதானே? கடையில் அந்தப் பேர்லதான் வாங்குறேன். தோண்டிப் பாருங்க, கிழங்கு இறங்கியிருக்கும்.

டாலஸ்வாசி:
அக்கா, நீங்க வாங்குறது யூகா, இது யூக்கா; பேர்தான் ஒண்ணு மாதிரி, செடி வேற. மரவள்ளி ஆமணக்குக் குடும்பம். இது தண்ணீர்விட்டான் கிழங்கோட குடும்பம். தயவுசெய்து யாரும் வேரைச் சமைச்சிடாதீங்க.

மாடித்தோட்டம்77:
தண்ணீர்விட்டானா? ஆனைக்கற்றாழை குடும்பம்னுதான் நான் படிச்சேன்.

வேர்ப்பிடிப்பு:
பழைய புத்தகம். இப்போ ரெண்டையும் ஒரே குடும்பத்தில் சேர்த்தாச்சு. ஆனைக்கற்றாழை ஒருதரம் பூத்ததும் செத்துடும், யூக்கா அப்படியில்லை. அதையாவது தெரிஞ்சுக்கோங்க.

மாடித்தோட்டம்77:
அண்ணே, கேட்டதுக்குப் பதில் சொன்னால் போதும். அதட்ட வேண்டாம்.

கொல்லைப்பூ:
மன்னிக்கணும், மீட்டிங். டெக்சஸ், பிளேனோ. சாம்பல் நீலத்தில் குட்டையா இருக்குமே, பேல்லீஃப் யூக்கா. புல்தரை நடுவில் வெச்சேன். ஸ்பிரிங்க்ளர் வாரம் 3 நாள்.

கரிசல்காட்டான்:
தம்பி, அந்த ஸ்பிரிங்க்ளர்தான் காரணம். மருந்து எதுவும் வேண்டாம். எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. இங்கே டெக்சஸில் வீட்டுக்குப் பின்னால் மண்வெட்டியைப் போட்டதும் எங்க கரிசல்தான் ஞாபகம் வந்தது. காய்ந்தால் கை நுழையற மாதிரி வெடிக்கும், நனைஞ்சா களியா ஒட்டும். பேல்லீஃப் இந்தப் பக்கத்துச் செடிதான், ஆனா தண்ணி வடியற சுண்ணாம்புப் பாறை மேட்டில் வளர்றது. புல்தரைக் களிமண்ணில் நட்டு வாரம் மூணு தடவை நனைச்சா தூர் அழுகத்தான் செய்யும்.

2021 பிப்ரவரியில் டாலஸ்-ஃபோர்ட்வொர்த் விமான நிலையத்தில் மைனஸ் 2 ஃபாரன்ஹீட் (சுமார் மைனஸ் 19 செல்சியஸ்) வரைக்கும் போச்சே, அப்பவும் என் செடிக்கு இலை நுனி மட்டும்தான் கருகுச்சு. குளிரும் வெயிலும் அதை ஒண்ணும் செய்யாது.

இப்பவே தோண்டுங்க. உள்ளே வெள்ளைப் புழு இருந்தா வண்டு, செடியை மூட்டை கட்டிக் குப்பையில் போடுங்க. புழு இல்லாம நாறினா அழுகல். ஓரத்தில் கெட்டியா இருக்கிற பக்கக்கன்றை வேரோட பிரிச்சு, வெட்டுவாய் காயட்டும்னு நாலைந்து நாள் நிழலில் வைங்க. பிறகு ஒரு அடி மேடு கட்டி, மண்ணோட சரளை கலந்து நடுங்க. மரத்தூள் மூடாக்கு கழுத்தைத் தொடவே கூடாது.

வேர்ப்பிடிப்பு:
இதைத்தான் நானும் சொன்னேன்.

கொல்லைப்பூ (6 நாள் கழித்து):
புழு இல்லை. தூர் பழுப்பாகி நாறுது. 2 கன்று கெட்டியா கிடைச்சது, மேட்டில் நட்டாச்சு. அந்தப் பக்கத்து ஸ்பிரிங்க்ளர் தலையை அடைச்சிட்டேன். ரொம்ப நன்றி அண்ணா.