தண்ணீர் குடிக்க மறுத்த பாட்டி

நோயை மட்டுமல்லாமல் மனிதரையே முழுதாகக் கவனிக்கும் முழுமைச் செவிலியத்தை எங்கே கற்றாய் என்று கேட்டால், பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பக்கவாதத்தால் ஓராண்டாகப் படுத்த படுக்கையாக இருந்த ஒரு பாட்டியின் கட்டிலருகே என்றுதான் சொல்வேன். அப்போது நான் செவிலியர் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருந்தேன்.

அவருக்கு முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண் இருந்தது. சலைனில் கழுவிக் கட்டு மாற்றுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது என்று நான் சொல்லிக்கொடுத்தவற்றை மருமகள் செய்தும், மூன்று வாரமாகப் புண் ஆறவில்லை. நாக்கு வறண்டிருந்தது, நாள் முழுவதும் அரை டம்ளர் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை என்று தெரிந்தபோது மருமகளைத்தான் சந்தேகப்பட்டேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஒருநாள் கட்டு மாற்றியதும் கிளம்பிவிடாமல், சிக்குப் பிடித்த அவர் தலைக்கு எண்ணெய் தடவிச் சீவிக்கொண்டிருந்தேன். "தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வருது கண்ணு. காட்டு வேலைக்குப் போயிட்டு வந்து அவ இதையும் அள்ளணுமா? தெருவுல போறவங்களும் பாக்கறாங்க" என்றார். நவீனச் செவிலியத்தின் முன்னோடி நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய 'செவிலியக் குறிப்புகள்' நூலில் நல்ல காற்றை வலியுறுத்தியதைப் படித்திருந்த நான்தான், கட்டிலை வாசலோரம் போடச் சொல்லியிருந்தேன்.

லண்டனில் 1967-இல், இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், சமூகம், ஆன்மிகம் ஆகிய நான்கின் வேதனையையும் சேர்த்து 'முழு வலி' என்றார். தேர்வில் நான்கு தலைப்புகளாக அதை எழுதியிருந்தேன். பாட்டியிடமோ எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன: கூச்சம் தண்ணீரைத் தடுத்தது, உடலில் நீரின்றிப் புண் ஆறவில்லை, ஆறாத புண் மருமகளின் வேலையைக் கூட்டியது, அது கூச்சத்தை மேலும் வளர்த்தது.

பாட்டியின் சம்மதத்துடன் மருமகளிடம் பேசினேன். "நான் எப்பவாச்சும் மூஞ்சி சுளிச்சிருக்கேனா அத்தை?" என்று அவர் அழுதுவிட்டார். கட்டிலைச் சன்னல் பக்கம் நகர்த்தி, பழைய சேலையால் மறைப்புக் கட்டி, மருமகள் வீட்டிலிருக்கும் வேளைகளை மலசலத் தட்டு வைக்கும் நேரமாக்கினோம். அன்று மாலையே பாட்டி ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் குடித்தார். சில வாரங்களில் புண்ணின் ஓரங்களில் சிவந்த புதுச்சதை தெரிந்தது.

2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இப்போது வீடு வீடாகச் செல்கிறேன். கட்டு மாற்றியதும் என் பையிலிருந்து அடுத்து வெளியே வருவது சீப்புதான்.