95 செவ்ரோலே சி1500: பின்பக்கம் இறக்கிய பிறகு அதிர்வு

வணக்கம். வண்டி 1995 செவ்ரோலே சி1500 பிக்கப், டூ வீல் டிரைவ், ஒற்றை கேபின், ஷார்ட் பெட் (குட்டையான சரக்குத் தொட்டி), 5.7 வி8, 4எல்60இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இருப்பது ஹூஸ்டனில். போன மாதம் ஃப்ளிப் கிட் போட்டு ஆக்சிலை லீஃப் ஸ்பிரிங்குக்கு மேலே மாற்றினோம், பின்பக்கம் 6 அங்குலம் இறங்கிவிட்டது, சேஸியில் சி-நாட்ச் (ஆக்சில் மேலெழும்ப இடம் தரும் சி வடிவ வெட்டு) வெட்டி வலுவாக வெல்டும் வைத்தாகிவிட்டது, அதனால் மேட்டில் ஆக்சில் இடிப்பதில்லை. நிற்கும் அழகே தனி.

ஆனால் மணிக்கு 55 மைல் வேகத்தைத் தாண்டியதும் சீட்டுக்கு அடியில் ஒரு அதிர்வு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடுகிறது, காலை எடுத்தால் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. இறக்குவதற்கு முன் இது சுத்தமாக இல்லை.

டயர் பேலன்ஸ் பார்த்தாயிற்று. டிரைவ் ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள யூ-ஜாயின்ட் இரண்டும் புதிது. டிரைவ் ஷாஃப்டைக் கழற்றிக் கொண்டுபோய் பேலன்ஸ் செய்தும் மாற்றமில்லை, குட்டை ஷாக் மாட்டினதும் சவாரிக்குத்தான் உதவியது. அப்புறம் இரு முனைக் கோணமும் ஒத்துப்போகிறதா என்று அளந்தேன்: கியர்பாக்ஸ் பின்பக்கமாக 4 டிகிரி கீழே, பினியன் (பின் ஆக்சிலில் டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் கியர் தண்டு) 7 டிகிரி மேலே. 2 டிகிரி ஷிம் (ஆப்புத் தகடு) வைத்துப் பினியனை 5-க்கு இறக்கியதும் அதிர்வு குறைந்தது, போகவில்லை. லீஃப் ஸ்பிரிங் வண்டியில் மிதிக்கும்போது பினியன் மூக்கைத் தூக்கும் என்பதால் இன்னும் இறக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

இதே வண்டியை இந்த அளவு இறக்கி ஓட்டுபவர்களே, நிற்கும் நிலையில் பினியனை எத்தனை டிகிரியில் வைத்தபோது உங்களுக்கு அதிர்வு முழுதாக நின்றது?