பழைய பூஸி அண்ட் ஹாக்ஸ் டிராம்போன்: வாங்குமுன் என்ன பார்க்க வேண்டும், எப்படிச் சரிசெய்வது?

முனிர்க்கா மோகன்

வணக்கம். பள்ளி பேண்டில் வாசித்த அதே வகை டிராம்போன் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். பூஸி அண்ட் ஹாக்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் ரீஜன்ட் மாடல், பி ஃபிளாட் டெனர், வால்வு இல்லாதது. டெல்லியில் வேறு புது டிராம்போன்கள் எளிதாகக் கிடைக்கின்றன, இந்தப் பழசு கண்ணில் படவில்லை. மீரட் ஜாலி கோட்டி பக்கம் ஒரு கடையில் ரீஜன்ட் என்று பொறித்த ஒன்று இருக்கிறது. ஸ்லைடு, அதாவது சுரம் மாற்ற நீட்டி மடக்கும் குழாய், நாலாவது பொசிஷனை (சுரத்துக்காக அது நிற்கும் இடங்களில் நாலாவதை) தாண்டும்போது பிடிக்கிறது. சுருதி சேர்க்கும் வளைவான ட்யூனிங் ஸ்லைடு அசையவே இல்லை. பெல்லில், அதாவது விரிந்த வாய்ப் பகுதியில், இரண்டு ஒடுக்கு. பாலிஷ் போட்டுப் புதுசு மாதிரி தருகிறேன் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? எதை வீட்டிலேயே செய்யலாம், எதைப் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும்?

பித்தளைப் பட்டறை

மோகன் சார், முதல் வேலையாக அந்தப் பாலிஷ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பஃப் என்னும் மெருகுச் சக்கரத்தில் கொடுத்தால் லாக்கர் என்ற மேல்பூச்சோடு சேர்ந்து பித்தளையும் தேயும், பொறிப்பும் மழுங்கும். பெல் தகட்டின் கனமே ஒரு மில்லிமீட்டருக்குள்தான். ஒடுக்கை உள்ளிருந்து தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள், அந்தக் கைவேலை மீரட்டில் நன்றாகவே செய்வார்கள். அதற்கு அவசரமும் இல்லை.

காசு விழுங்குவது ஸ்லைடுதான். கடையில் வைத்தே பாருங்கள். பெல்லைக் கழற்றி, வெளி ஸ்லைடை முழுக்க உருவுங்கள். உள் குழாய்களின் கீழ்முனையில் நாலைந்து அங்குலம் மட்டும் இம்மியளவு பருத்திருக்கும். அதை ஸ்டாக்கிங் என்பார்கள். வெளிக் குழாயில் உரச வேண்டியது அந்த இடம் மட்டுமே. அங்கே முலாம் போய் மஞ்சள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். திரும்ப முலாம் பூசி அளவுக்குக் கொண்டுவரும் செலவு கருவியின் விலையைத் தாண்டிவிடும்.

முலாம் நன்றாக இருந்தால், ஒரு உள் குழாயை மட்டும் அதற்குரிய வெளிக் குழாயில் விட்டு, மற்றது வெளியே நிற்கும்படி ஓட்டுங்கள். பிறகு மறுபக்கம். தனித்தனியே வழுக்கிக்கொண்டு ஓடி, சேர்த்துப் போட்டால் மட்டும் பிடிக்கிறதென்றால் குழாய்கள் இணையாக இல்லை. யாரோ குறுக்குச் சட்டத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு சாலிடர் வைத்திருப்பார்கள். உள் குழாய்களுக்கு நடுவே உள்ள தூரத்தை வெர்னியரில் மேலேயும் கீழேயும் அளந்தால் வித்தியாசம் தெரியும். சாலிடரை இளக்கி, குழாய்கள் இயல்பாக நிற்கும் நிலையில் மறுபடி வைத்தால் சரியாகிவிடும். தனியாக ஓட்டும்போதும் ஒரே இடத்தில் பிடித்தால் வெளிக் குழாயில் ஒடுக்கு. நீங்கள் சொல்வது எனக்கு அப்படித்தான் படுகிறது. ஓட்டம் முழுக்கக் கரகரவென்றால் வெறும் களிம்பு, கழுவினால் போய்விடும்.

கடைசியாக, ஸ்லைடை முழுக்க உள்ளே தள்ளி, உள் குழாய்களின் மேல்முனைகள் இரண்டையும் கட்டைவிரல்களால் அடைத்துச் செங்குத்தாகப் பிடியுங்கள். வெளி ஸ்லைடு சட்டென்று நழுவி விழுந்தால் எங்கோ காற்று புகுகிறது. பெரும்பாலும் உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் வாட்டர் கீயின் கார்க்தான். புது கார்க் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

தாதர் டிராம்போன்

மேலே சொன்னதோடு ஒன்று. இங்கிலாந்தின் பித்தளை பேண்டுகள் 1960களின் நடுப்பகுதி வரை ஹை பிட்ச்சில், அதாவது ஏ 452.5 ஹெர்ட்ஸ் என்ற கணக்கில் வாசித்தன. அந்தக் காலத்துக் கருவி கையில் வந்தால் இன்றைய 440க்குக் கிட்டத்தட்ட அரை செமிடோன் ஏறிப் பேசும். போன் ட்யூனரில் முதல் பொசிஷன் பி ஃபிளாட் வாசித்துப் பாருங்கள். 40, 50 சென்ட் (நூறு சென்ட் ஒரு செமிடோன்) ஏற்றம் காட்டினால் ட்யூனிங் ஸ்லைடை சுமார் 4 சென்டிமீட்டர் வெளியே இழுக்க வேண்டியிருக்கும். அதற்கு நீளம் போதாவிட்டால் ட்யூனிங் ஸ்லைடின் இரண்டு கால்களையும் நீட்டித் தரப் பட்டறையில் சொல்ல வேண்டும். ட்யூனிங் ஸ்லைடு சிக்கியிருக்கும்போது இது முடிவாகாது, ஆகவே விலை பேசும்போது அதைக் கணக்கில் எடுங்கள்.

மவுத்பீஸும் முக்கியம். பழைய பிரிட்டிஷ் கருவிகள் எல்லாவற்றிலும் இன்றைய மவுத்பீஸின் சிறு ஷாங்க் (குழாய்க்குள் செருகும் தண்டு) சரியாக உட்கார்ந்துவிடாது. ஏறத்தாழ ஓர் அங்குலம் உள்ளே போய், ஆடாமல் நிற்க வேண்டும்.

இது சரிவராவிட்டால் மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில் தேடலாம். ரீஜன்ட்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் அமெரிக்காவின் ஓல்ட்ஸ் அம்பாசடர் நல்ல கருவி. அந்தக் கம்பெனி 1979இல் மூடிவிட்டாலும் பழசு நிறையக் கைமாறுகிறது.

முனிர்க்கா மோகன்

இருவருக்கும் நன்றி. தனித்தனியே ஓட்டிப் பார்த்தேன், வலது குழாயில் ஒடுக்குதான். ஸ்டாக்கிங் முழுசாக இருக்கிறது, வாங்கிவிட்டேன். ட்யூனிங் ஸ்லைடை எப்படி எடுப்பது? உள்ளே கழுவப் புளி போடலாமா?

பித்தளைப் பட்டறை

புளியும் பீதாம்பரியும் குத்துவிளக்கோடு நிற்கட்டும் சார். அமிலம் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை எடுத்துவிடும், தேய்க்கிற பொடி ஸ்லைடுக்குள் தங்கி முலாமை அறுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, வளையும் பிரஷ், அவ்வளவுதான். கொதிநீர் பட்டால் பழைய லாக்கர் உரியும். டெல்லித் தண்ணீர் உப்பு, கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். வெளி ஸ்லைடுக்குள் கம்பியில் துணி சுற்றி விடும்போது கம்பியின் நுனியும் துணிக்குள் மறைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் இடித்து உள்ளிருந்தே ஒடுக்கு விழும். எந்தக் குழாயைத் துடைக்கிறீர்களோ அதையே பிடியுங்கள். அடுத்ததைப் பிடித்தால் முறுக்கிக்கொள்ளும்.

ட்யூனிங் ஸ்லைடின் இணைப்பில் துருநீக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் ஹேர் டிரையரில் வெளிக் குழாயை மட்டும் சூடாக்கி, வளைவுக்குள் துணிப் பட்டை கோத்து வெடுக்கென்று இழுங்கள். கேஸ் தீ காட்டினால் சாலிடர் விட்டுவிடும், பிளையர் போட்டால் குழாய் நசுங்கும். வெளியே வந்ததும் அந்த வளைவை உற்றுப் பாருங்கள். இளஞ்சிவப்புப் புள்ளிகளும் அவற்றின் நடுவில் கறுப்பும் இருந்தால் உள்ளிருந்து அரித்திருக்கிறது, கூடிய சீக்கிரம் ஒட்டுப் போட வேண்டும்.

தாதர் டிராம்போன்

ஒடுக்கு எடுத்த பிறகு ஸ்டாக்கிங்கில் மட்டும் பாண்ட்ஸ் கோல்ட் (cold) கிரீம் மெல்லியதாகத் தடவி, மேலே தண்ணீர் ஸ்பிரே செய்யுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், டெல்லிக் குளிரில் உறைந்து ஸ்லைடு நின்றுவிடும்.